பழைய அமெரிக்க வானொலி நாடகங்கள்: ரசிகர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றின் பதில்களும்

1920களின் பிற்பகுதியிலிருந்து 1950களின் தொடக்கம் வரை, அமெரிக்காவில் சாயங்காலம் என்றால் வானொலி நேரம். துப்பறியும் கதை, நகைச்சுவை, கௌபாய் சாகசம், பேய்க்கதை, குடும்பத் தொடர், வினாடி வினா எல்லாம் அந்தப் பெட்டியில்தான் வந்தன. அந்த நிகழ்ச்சிகள் நின்று அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனாலும் அவற்றைத் தேடிக் கேட்பவர்களும், சேகரிப்பவர்களும், ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டு விடை தேடுபவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பகிர்ந்துகொள்ளும் துணுக்குகளில் உண்மையும் உண்டு, கட்டுக்கதையும் உண்டு. நல்ல வேளையாக, பல நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவு தப்பியிருக்கிறது. போட்டுக் கேட்டால் எது உண்மை, எது கதை என்று தெரிந்துவிடும். அப்படி அடிக்கடி எழும் கேள்விகளையும், அவற்றுக்குக் கிடைக்கும் பதில்களையும் கால வரிசையை ஒட்டி இங்கே பார்க்கலாம்.

எங்கே தொடங்கியது?

பிட்ஸ்பர்க் நகரின் கேடிகேஏ நிலையம் 1920 நவம்பர் 2 அன்று, ஹார்டிங்குக்கும் காக்ஸுக்கும் நடந்த அதிபர் தேர்தலின் முடிவுகளை அறிவித்தது. அமெரிக்க வானொலி வரலாற்றை இந்த நாளிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால் ஒரே நாடகத்தை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டுமானால், ஊர் ஊராக இருக்கும் நிலையங்களைத் தொலைபேசிக் கம்பிகளால் இணைக்க வேண்டும். அந்த வேலையை 1926 நவம்பரில் என்பிசி தொடங்கியது. 1927இல் சிபிஎஸ் வந்தது. 1934இல் மியூச்சுவல் வந்தது. என்பிசியிடம் 'ரெட்', 'புளூ' என்று இரண்டு வலையமைப்புகள் இருந்தன. அரசின் நெருக்குதலால் 1943இல் அது புளூவை விற்க நேர்ந்தது. வாங்கியவர் 'லைஃப் சேவர்ஸ்' மிட்டாய் நிறுவனத்தின் எட்வர்டு நோபிள். அந்த புளூதான் பிறகு ஏபிசி ஆனது.

வானொலி எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பே சொல்கிறது. வீட்டில் வானொலிப் பெட்டி உண்டா என்று 1930 கணக்கெடுப்பில் கேட்டார்கள். நூற்றுக்கு நாற்பது குடும்பங்களில் இருந்தது. 1940இல் அது எண்பதைத் தாண்டியது. இடைப்பட்ட பத்தாண்டும் பொருளாதாரப் பெருமந்தக் காலம். நாடகக் கொட்டகைக்குச் செலவு செய்ய முடியாதவர்களுக்கு வீட்டிலேயே காசில்லாமல் கிடைத்த பொழுதுபோக்கு இது.

நாடு முழுவதும் வென்ற முதல் தொடர் எது என்ற கேள்விக்கு, பெரும்பாலோர் 'அமோஸ் அண்டு ஆண்டி' என்பார்கள். 1928 மார்ச்சில் சிகாகோவில் தொடங்கி, 1929 ஆகஸ்டில் என்பிசிக்கு வந்தது. நாள்தோறும் பதினைந்து நிமிடம். அந்த நேரத்தில் திரையரங்குகள் படத்தை நிறுத்திவிட்டு, வந்திருந்தவர்களுக்காக வானொலியைப் போட்டன. இது பெருமைக்குரிய செய்தியாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு. அமோஸும் ஆண்டியும் கறுப்பினப் பாத்திரங்கள். நடித்த ஃப்ரீமன் காஸ்டன், சார்லஸ் கோரெல் இருவரும் வெள்ளையர்கள். கறுப்பின மக்களின் பேச்சைக் கேலியாக்கிச் சிரிக்க வைத்த தொடர் என்பதால், 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பினச் செய்தித்தாள் 1931இலேயே அதை நிறுத்தக் கோரிக் கையெழுத்து இயக்கம் நடத்தியது. 'ப்யூலா' என்ற கறுப்பினப் பணிப்பெண் பாத்திரத்தையும் முதலில் ஒரு வெள்ளைக்கார ஆண்தான் பேசி நடித்தார். 1947இல் ஹாட்டி மெக்டேனியல் அந்த வேடத்துக்கு வந்த பிறகுதான், ஒரு கறுப்பினப் பெண் தேசிய வானொலித் தொடரின் நாயகி ஆனார்.

நிகழ்ச்சிக்குக் காசு கொடுத்தது யார்?

கேட்பவர்களிடம் கட்டணம் கிடையாது. விளம்பரதாரர்தான் முதலாளி. ஒரு நிறுவனம் ஒரு நிகழ்ச்சி முழுவதையும் ஏற்றுக்கொள்ளும். பல நேரம் நிறுவனத்தின் விளம்பர முகவர்களே எழுத்தாளர், நடிகர், இயக்குநர் எல்லோரையும் அமர்த்தி நிகழ்ச்சியைத் தயாரித்தார்கள். அதனால்தான் பழைய பதிவுகளில் நடிகரின் பெயருக்கு முன்பே பொருளின் பெயர் வருகிறது. ஜாக் பென்னி என்றால் ஜெல்லோ, பிறகு லக்கி ஸ்ட்ரைக் சிகரெட். ஃபிப்பர் மெக்கீ என்றால் ஜான்சன் தரை மெழுகு. 'தி ஷாடோ' என்றால் நீலச் சாயம் பூசி விற்கப்பட்ட 'புளூ கோல்' நிலக்கரி.

குழந்தைகள் நிகழ்ச்சிகளில் இந்த வணிகம் இன்னும் நேரடியானது. 'லிட்டில் ஆர்ஃபன் ஆனி' தொடரை ஓவல்டின் நிறுவனம் நடத்தியது. டப்பாவுக்குள் இருக்கும் முத்திரைத்தாளை அனுப்பினால் ரகசியச் செய்தியைப் படிக்க உதவும் உலோக வில்லை தபாலில் வரும். நிகழ்ச்சியின் முடிவில் எண்களை வாசிப்பார்கள். வில்லையைச் சுழற்றி, எண்ணுக்குரிய எழுத்தைக் கண்டுபிடித்தால் அடுத்த நாள் கதையைப் பற்றி ஒரு குறிப்பு கிடைக்கும். 1940இல் ஓவல்டின் ஆனியை விட்டுவிட்டு 'கேப்டன் மிட்நைட்' தொடருக்கு மாறியது. வில்லைகளும் கூடவே மாறின. இன்று அவற்றைத் தேடி வாங்கும் சேகரிப்பாளர்கள் ஏராளம்.

வினாடி வினா நிகழ்ச்சிகளும் இந்தக் காலத்தில்தான் செழித்தன. 1938இல் தொடங்கிய 'இன்ஃபர்மேஷன் ப்ளீஸ்' வழக்கமான முறையைத் தலைகீழாக மாற்றியது. கேட்பவர்கள் கேள்வி அனுப்புவார்கள், அறிஞர் குழு பதில் சொல்ல வேண்டும். குழுவைத் திணறடித்தவருக்குப் பிற்காலத்தில் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியமே பரிசாகக் கிடைத்தது. ஊரின் பெயரையே மாற்றிய நிகழ்ச்சியும் உண்டு. 'ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ்' நிகழ்ச்சியின் பத்தாம் ஆண்டையொட்டி, தன் பெயரை நிகழ்ச்சியின் பெயராக மாற்றிக்கொள்ள எந்த ஊர் முன்வரும் என்று அதன் தொகுப்பாளர் ரால்ஃப் எட்வர்ட்ஸ் கேட்டார். நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊர் 1950இல் மாற்றிக்கொண்டது. இன்றும் வரைபடத்தில் அந்த ஊரின் பெயர் அதுவே.

அந்த ஒலிகளை எப்படி உண்டாக்கினார்கள்?

புதிதாகக் கேட்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. ஸ்டுடியோவின் ஒரு மூலையில் ஒலிக் கலைஞருக்கென்று தனி இடம் உண்டு. கதவுச் சட்டம், படிக்கட்டு, தொலைபேசி, சரளைக்கல் நிரப்பிய தட்டு எல்லாம் அங்கே இருக்கும். குதிரைக் குளம்பொலிக்குப் பாதியாக வெட்டிய தேங்காய்ச் சிரட்டை. தீ எரியும் ஒலிக்கு செல்லோஃபேன் தாளைக் கசக்குவார்கள். பனியில் நடப்பதற்கு, சோளமாவு நிரப்பிய பையைப் பிசைவார்கள். இடிக்குத் தொங்கவிட்ட பெரிய தகரத்தை ஆட்டுவார்கள். எல்லாமே நேரலை என்பதால், நடிகர் வசனம் சொல்லி முடிக்கும் நொடியில் ஒலி வந்தாக வேண்டும். பிந்தினால் திருத்த வழியில்லை.

ஒலியை மட்டுமே நம்பி நின்ற நகைச்சுவை ஒன்று உண்டு. 'ஃபிப்பர் மெக்கீ அண்டு மாலி' 1935இல் தொடங்கியது. ஜிம் ஜோர்டன், மேரியன் ஜோர்டன் என்ற உண்மையான கணவன் மனைவிதான் அதில் கணவன் மனைவியாக நடித்தார்கள். அவர்கள் வீட்டில் ஓர் அலமாரி. திறந்தால் உள்ளே அடைத்துவைத்த தட்டுமுட்டுச் சாமான் முழுவதும் மேலே வந்து விழும். 1940 மார்ச்சில் முதன்முதலாக வந்த இந்த வேடிக்கை, ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்தது. பாத்திரங்கள் உருள, தகரங்கள் சரிய, எல்லாம் ஓய்ந்தது என்று நினைக்கும் கணத்தில் கடைசியாக ஒரு சிறு மணி கிணுங்கும். அந்த மணியோசைக்குத்தான் பெரிய சிரிப்பு. எவ்வளவு பெரிய அலமாரி, என்னென்ன சாமான் என்பதெல்லாம் கேட்பவரின் கற்பனைக்கு விடப்பட்டது. பிறகு தொலைக்காட்சிக்குப் போனபோது இந்தத் தொடர் எடுபடவில்லை.

திகில் நாடகங்களில் ஒலியே பாதிக் கதை. 'லைட்ஸ் அவுட்' தொடரில் எலும்பு முறியும் ஒலிக்கு மாட்டுவிலா, பன்றிவிலா எலும்புகளை உடைத்தார்கள். ஒரு மனிதன் உள்வெளியாகப் புரட்டப்படும் காட்சிக்கு, ஈரமான ரப்பர் கையுறையைக் கழற்றிப் புரட்டினார்கள். கேட்டவர்கள் நடுங்கினார்கள்.

முகமூடி வீரர்களின் குடும்ப உறவு

'தி லோன் ரேஞ்சர்' தொடர் 1933 ஜனவரி இறுதியில் டெட்ராய்ட் நகரின் டபிள்யூஎக்ஸ்ஒய்இசட் நிலையத்தில் தொடங்கியது. உரிமையாளர் ஜார்ஜ் ட்ரெண்டில், எழுதியவர் ஃப்ரான் ஸ்ட்ரைக்கர். ரோசினியின் 'வில்லியம் டெல்' இசைத் தொடக்கம் இந்தத் தொடரின் அடையாளமாகிவிட்டது. முதல் சில பகுதிகளில் டோன்டோ கிடையாது. குதிரையில் தனியாகப் போகிறவன் வானொலியில் யாரோடு பேசுவான்? கதாநாயகன் மனதில் இருப்பது கேட்பவருக்குத் தெரிய வேண்டுமானால், அவன் பேசுவதற்கு ஒரு துணை வேண்டும். அந்தத் தேவைக்குப் பிறந்த பாத்திரம் டோன்டோ.

ரசிகர்கள் விரும்பிக் கேட்கும் கேள்வி: 1941இல் லோன் ரேஞ்சர் ஏன் சில நாள் பேசாமல் இருந்தார்? அவருக்குக் குரல் கொடுத்த ஏர்ல் கிரேசர் 1941 ஏப்ரல் 8 அன்று கார் விபத்தில் இறந்துபோனார். தொடரை நிறுத்த முடியாது. புதுக் குரலைச் சட்டென்று நுழைக்கவும் முடியாது. எனவே கதையில் ரேஞ்சர் படுகாயமடைந்தார். சில பகுதிகளுக்கு முனகலும் முணுமுணுப்பும்தான். டோன்டோ கதையை நகர்த்தினார். ரேஞ்சர் தேறியபோது அவர் குரல் பிரேஸ் பீமருடையதாக இருந்தது. 1954இல் வானொலித் தொடர் முடியும்வரை பீமரே நீடித்தார்.

அதே நிலையம், அதே எழுத்தாளர், 1936இல் 'தி கிரீன் ஹார்னட்' தொடரைக் கொண்டுவந்தார்கள். இதன் நாயகன் செய்தித்தாள் அதிபர் பிரிட் ரீட். அவன் தந்தை டேன் ரீட். லோன் ரேஞ்சரின் அண்ணன் மகன் பெயரும் டேன் ரீட்தான், இருவரும் ஒருவரே. ஆக, பிரிட் ரீடுக்கு லோன் ரேஞ்சர் சின்னத் தாத்தா முறை. இதைப் பிற்காலத்தில் ரசிகர்கள் ஊகித்துச் சேர்க்கவில்லை. வானொலிக் கதையிலேயே இருக்கிறது.

'தி ஷாடோ'வின் பிறப்பு இன்னும் விசித்திரமானது. 1930இல் ஒரு பதிப்பகம் தன் துப்பறியும் இதழை விற்பதற்காக, அதன் கதைகளை வானொலியில் நாடகமாக்கியது. கதையை அறிமுகம் செய்யும் குரலுக்கு 'ஷாடோ' என்று பெயர் வைத்தார்கள். மக்கள் கடைக்குப் போய்க் கேட்டதோ அந்த ஷாடோவின் பத்திரிகையை. அப்படி ஒரு பத்திரிகையே கிடையாது. பதிப்பகம் 1931இல் ஷாடோவுக்கென்று தனி இதழ் தொடங்கியது. அதற்கு வால்டர் கிப்சன் புனைபெயரில் எழுதிக் குவித்தார். 1937இல் ஷாடோ முழுநாயகனாக வானொலிக்குத் திரும்பினான். அப்போது நடித்தவர் இருபத்திரண்டு வயது ஆர்சன் வெல்ஸ். ஆனால் தொடக்கத்தில் வரும் அந்தப் பயங்கரச் சிரிப்பு வெல்ஸுடையது அல்ல. முன்பு அறிவிப்பாளராக இருந்த ஃப்ராங்க் ரீடிக்குடைய சிரிப்பையே வைத்துக்கொண்டார்கள். இந்த ரீடிக் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு இடத்தில் வருகிறார்.

சூப்பர்மேன் வானொலித் தொடர் 1940 பிப்ரவரியில் தொடங்கியது. சூப்பர்மேனை வீழ்த்தும் கிரிப்டோனைட் கல் முதலில் வந்தது படக்கதையில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது 1943இல் வானொலியில் பிறந்து, படக்கதைக்குப் பிறகே போனது. பத்திரிகை ஆசிரியர் பெர்ரி ஒயிட்டும் வானொலி தந்த பாத்திரம்தான். 1946இல் 'கிளான் ஆஃப் த ஃபியரி கிராஸ்' என்ற கதையில் சூப்பர்மேன், கு கிளக்ஸ் கிளான் மாதிரியான ஒரு வெறுப்புக் கூட்டத்தை எதிர்த்துப் போராடினார். சிறுவர்கள் கேட்கும் தொடரில் நிறவெறியை நேராக எதிர்த்த அந்தப் பதினாறு பகுதிகளும் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன.

ஜாக் பென்னியின் மௌனம்

பழைய வானொலி நகைச்சுவையில் மிக உயரத்தில் நிற்பவர் ஜாக் பென்னி. 1932இல் தொடங்கி 1955 வரை ஒலித்த அவர் நிகழ்ச்சி ஞாயிறு இரவு ஏழு மணிக்கு வரும். அவர் எத்தனை வயதானாலும் முப்பத்தொன்பதுதான் என்பார், வயலினைக் கொடுமையாக வாசிப்பார், காசை விடவே மாட்டார். உண்மையில் தாராளமானவர், வயலினும் ஓரளவு நன்றாக வாசிப்பவர்.

அவரைப் பற்றிய மிகப் பிரபலமான துணுக்கு 1948 மார்ச் 28 நிகழ்ச்சியில் வந்த வழிப்பறிக் காட்சி. பக்கத்து வீட்டு நடிகர் ரொனால்டு கோல்மனின் ஆஸ்கர் விருதை இரவல் வாங்கிக்கொண்டு வரும் பென்னியைத் திருடன் மறிக்கிறான். பணமா உயிரா என்கிறான். மௌனம். அரங்கம் சிரிக்கிறது. திருடன் அதட்டுகிறான். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று பென்னி எரிந்து விழுகிறார். வானொலி வரலாற்றின் மிக நீண்ட சிரிப்பு இதுதான் என்றும், நிமிடக்கணக்கில் நீடித்தது என்றும் எழுதியவர்கள் உண்டு. பதிவைக் கேட்டால் சிரிப்பு சில நொடிகளே. பென்னியின் நிகழ்ச்சிகளிலேயே இதைவிட நீண்ட சிரிப்புகள் இருக்கின்றன. இந்தக் காட்சி புகழ்பெற்றதற்குக் காரணம், பல ஆண்டுகளாகக் கட்டியெழுப்பிய கஞ்சத்தனம் முழுவதும் அந்த ஒரு மௌனத்தில் தெரிந்ததுதான்.

அது எழுதப்பட்ட கதையையும் எழுத்தாளர் மில்ட் ஜோசஃப்ஸ்பெர்க் சொல்லியிருக்கிறார். திருடனின் கேள்வியை எழுதிவிட்டு, பென்னி என்ன பதில் சொல்வார் என்று தெரியாமல் அவர் திணறினார். கூட எழுதிய ஜான் டாக்கபெர்ரி பேசாமல் சாய்ந்து கிடந்தார். ஏதாவது சொல்லுங்கள் என்று நச்சரித்தபோது, யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர் சீறினார். அதுவே வசனம் ஆனது.

பென்னியின் ஓட்டை மேக்ஸ்வெல் காரின் இருமல் ஒலி இன்னொரு கதை. வைத்திருந்த ஒலி சரியான நேரத்தில் வராமல் போக, மெல் பிளாங்க் வாயாலேயே அந்தக் காரை ஓட்டிக் காட்டினார். அன்றிலிருந்து கார் அவர் பொறுப்பு. பக்ஸ் பன்னி கார்ட்டூன் முயலுக்குக் குரல் தந்தவரும் இதே பிளாங்க்தான். பென்னியின் உதவியாளர் ராச்செஸ்டராக நடித்த எடி ஆண்டர்சன் 1937இல் ரயில் பணியாளராக ஒரே ஒரு பகுதிக்கு வந்தவர். கேட்டவர்களின் வரவேற்பால் நிரந்தரமானார். முதலாளியை மடக்கிப் பேசும் ராச்செஸ்டர், அக்காலக் கறுப்பினப் பாத்திரங்களில் வேறுபட்டு நின்றவர்.

செவ்வாய்க் கிரகத்தார் வந்த இரவில் நாடே ஓடியதா?

இவ்வளவு கேள்விகளிலும் அதிகம் கேட்கப்படுவது இது. 1938 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை. சிபிஎஸ்ஸின் 'மெர்க்குரி தியேட்டர்' நிகழ்ச்சியில் ஆர்சன் வெல்ஸ், எச். ஜி. வெல்ஸின் 'உலகங்களின் போர்' நாவலை நாடகமாக்கினார். எழுதியவர் ஹோவர்டு கோச். முதல் பாதி முழுவதும் செய்தி அறிவிப்பு வடிவம். நடன இசையின் நடுவே, நியூ ஜெர்சியின் குரோவர்ஸ் மில் ஊரில் ஏதோ விழுந்திருப்பதாகச் செய்தி குறுக்கிடுகிறது. அங்கிருந்து பேசும் நிருபராக நடித்தவர், முன்பு சொன்ன ஃப்ராங்க் ரீடிக். 1937 மே மாதம் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்ததைக் கண்டு கதறிய ஹெர்பர்ட் மாரிசனின் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு அவர் அந்தப் பதற்றத்தைப் பழகிக்கொண்டார்.

மறுநாள் செய்தித்தாள்கள் நாடெங்கும் பெரும் பீதி என்று எழுதின. பயந்தவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. செய்தித்தாள் அலுவலகங்களுக்கும் காவல் நிலையங்களுக்கும் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. ஆனால் அந்த நேரத்தில் பெரும்பாலோர் கேட்டது வேறு நிகழ்ச்சியை. எட்கர் பெர்கன், சார்லி மெக்கார்த்தி என்ற பொம்மையோடு பேசும் நிகழ்ச்சி என்பிசியில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிரவு ஹூப்பர் நிறுவனம் ஐயாயிரம் வீடுகளில் தொலைபேசியில் கேட்ட கணக்கில், வெல்ஸின் நாடகத்தைக் கேட்டதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். தெருக்களில் மக்கள் கூட்டம் கூட்டமாக ஓடிய படம், விளம்பர வருவாயில் வானொலியோடு போட்டியிட்ட செய்தித்தாள்கள் பெரிதாக்கிய படம். அந்த இரவின் பயன் வெல்ஸுக்குத்தான். விளம்பரதாரர் இல்லாமல் இருந்த நிகழ்ச்சிக்கு கேம்ப்பெல் சூப் நிறுவனம் வந்து சேர்ந்தது. இரு வெல்ஸ்களும் 1940 அக்டோபரில் சான் ஆன்டோனியோ நகரில் ஒரு வானொலி நிலையத்தில் சந்தித்து உரையாடினார்கள். அந்த உரையாடலின் பதிவும் இருக்கிறது.

இதே நாடகம் உண்மையிலேயே உயிர்களைப் பறித்த ஊர் ஒன்று உண்டு. 1949 பிப்ரவரியில் ஈக்வடார் நாட்டின் கீட்டோ நகர வானொலி இதை உள்ளூர்ப் பெயர்களோடு ஒலிபரப்பியது. நாடகம் என்று தெரிந்ததும் ஆத்திரமடைந்த கூட்டம், நிலையம் இருந்த செய்தித்தாள் கட்டடத்துக்குத் தீ வைத்தது. பலர் இறந்தார்கள்.

பகல் நேரத் தொடர்கள்

இரவில் வந்தவற்றுக்குப் புகழ் அதிகம். ஆனால் வானொலியின் அன்றாடச் சோறு பகலில் வந்த பதினைந்து நிமிடக் குடும்பத் தொடர்கள்தான். வீட்டில் இருக்கும் பெண்களை எண்ணி எழுதப்பட்டவை, சோப்புத் தயாரிப்பாளர்களால் நடத்தப்பட்டவை. 'மா பெர்கின்ஸ்' 1933இல் ஆக்ஸிடால் சோப்புத் தூளின் பெயரில் தொடங்கி 1960 நவம்பர் 25 வரை வந்தது. மொத்தம் 7,065 பகுதிகள். தொடங்கியபோது மா பெர்கின்ஸாக நடித்த வர்ஜினியா பேய்னுக்கு வயது இருபத்துமூன்று. வயதான விதவைத் தாயாக இருபத்தேழு ஆண்டுகளும் அவரே பேசினார்.

இர்னா ஃபிலிப்ஸ் எழுதிய 'தி கைடிங் லைட்' 1937 ஜனவரியில் வானொலியில் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கும் போய், 2009 செப்டம்பரில்தான் நின்றது. எழுபத்திரண்டு ஆண்டுகள் ஓடிய கதை அது.

ஒரே நாடகத்தை ஏன் இருமுறை நடித்தார்கள்?

பெரிய வலையமைப்புகள் பதிவு செய்த நிகழ்ச்சிகளை ஒலிபரப்ப 1940களின் இறுதி வரை இடம் தரவில்லை. எல்லாம் நேரலையாக வர வேண்டும். கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வித்தியாசம். அதனால் நடிகர்கள் ஒருமுறை நடித்துவிட்டு, இடையில் சாப்பிட்டுவிட்டு வந்து, மேற்குக் கரைக்காக மறுபடி நடித்தார்கள். 'சஸ்பென்ஸ்' தொடரின் உச்சமான 'சாரி, ராங் நம்பர்' நாடகத்தில் இதன் விளைவைக் காணலாம். லூசில் ஃப்ளெச்சர் எழுதி, ஆக்னஸ் மூர்ஹெட் நடித்த அந்த நாடகம் முதலில் வந்தது 1943 மே 25 அன்று. கிழக்குக் கரை ஒலிபரப்பின் முடிவில் ஒரு நடிகர் வசனத்தைத் தவறவிட, படுக்கையில் கிடக்கும் அந்தப் பெண் கொல்லப்பட்டாளா இல்லையா என்றே பலருக்குப் புரியவில்லை. கேட்டவர்கள் திருப்பி ஒலிபரப்பக் கேட்டார்கள். அந்த ஆண்டே மறுபடி வந்தது, பிறகும் பலமுறை வந்தது.

இந்த நேரலைக் கட்டாயத்தை உடைத்தவர் பாடகர் பிங் கிராஸ்பி. 1946இல் என்பிசியை விட்டு, பதிவு செய்ய இடம் தந்த ஏபிசிக்கு மாறினார். முதலில் தட்டுகளில் பதிந்தார்கள், தரம் குறைந்தது. போரின் முடிவில் ஜெர்மனியிலிருந்து காந்த ஒலிநாடாக் கருவிகளைப் பகுதி பகுதியாக வீட்டுக்கு அனுப்பிவைத்திருந்த ஜாக் முல்லின் என்ற ராணுவப் பொறியாளர், 1947இல் கிராஸ்பியின் நிகழ்ச்சியை டேப்பில் பதியத் தொடங்கினார். கிராஸ்பி ஆம்பெக்ஸ் நிறுவனத்துக்கு 50,000 டாலர் கொடுத்து உதவ, அமெரிக்காவிலேயே டேப் கருவிகள் செய்யப்பட்டன. வெட்டி ஒட்டும் வசதி வந்ததும் இன்னொன்றும் வந்தது. ஒரு நகைச்சுவை நடிகரின் கொச்சையான வேடிக்கைகளை வெட்டி எறிந்தார்கள். அதற்கு எழுந்த சிரிப்பை மட்டும் எடுத்துவைத்து, வேறொரு நாள் சிரிப்பு வராத இடத்தில் ஒட்டினார்கள். பிற்காலத் தொலைக்காட்சியில் கேட்ட பதிவுச் சிரிப்பின் தொடக்கம் இது.

பிறகு எப்படி இவ்வளவு பதிவுகள் மிஞ்சின?

பதிவை ஒலிபரப்பத்தான் இடமில்லை. எடுத்துவைக்கத் தடை ஏதும் இல்லை. விளம்பரதாரர் கேட்டுப் பார்க்கவும், சட்டச் சிக்கல் வந்தால் காட்டவும், பதினாறு அங்குலத் தட்டுகளில் நிகழ்ச்சிகளைப் பதிந்து வைத்தார்கள். ஒரு பக்கத்தில் பதினைந்து நிமிடம் அடங்கும். அலுமினியத் தகட்டின்மேல் அரக்குப் பூசிய தட்டு அது. போரில் அலுமினியம் தட்டுப்பாடானதும் கண்ணாடியின்மேல் பூசினார்கள். கைதவறினால் ஒரு நிகழ்ச்சியே போயிற்று.

இரண்டாவது வழி ராணுவம். 1942இல் தொடங்கிய படைவீரர் வானொலிச் சேவை, நிகழ்ச்சிகளிலிருந்து விளம்பரங்களை நீக்கி, தட்டுகளில் பதிந்து உலகெங்கும் இருந்த முகாம்களுக்கு அனுப்பியது. பயன்பாடு முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. அழிக்காமல் விடப்பட்டவற்றால்தான் பல நிகழ்ச்சிகள் இன்று கிடைக்கின்றன. விளம்பரமே இல்லாத பழைய பதிவு கையில் கிடைத்தால், அது பெரும்பாலும் படைவீரர்களுக்கான பிரதி என்று சேகரிப்பாளர்கள் கண்டுகொள்வார்கள்.

ஒரு முழுநாளின் ஒலிபரப்பைக் கேட்க வேண்டுமா? 1939 செப்டம்பர் 21 அன்று வாஷிங்டனின் டபிள்யூஜேஎஸ்வி நிலையம் காலை முதல் நள்ளிரவு கடந்தும் ஒலிபரப்பிய அனைத்தும் தேசிய ஆவணக் காப்பகத்துக்காகப் பதியப்பட்டது. காலை அறிவிப்பு, பகல் தொடர்கள், ஐரோப்பியப் போர் பற்றி அதிபர் ரூஸ்வெல்ட் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை, இரவு நகைச்சுவை என்று சுமார் பத்தொன்பது மணி நேரம். அக்காலத்து ஒரு நாள் எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

போனவையும் நிறைய. 'அமோஸ் அண்டு ஆண்டி'யின் தொடக்ககாலப் பகுதிகளில் ஒலியாக மிஞ்சியது மிகக் குறைவு. அவற்றைத் தட்டச்சுப் பிரதிகளில்தான் படிக்க முடியும். 'விக் அண்டு சேட்' என்ற அருமையான சிற்றூர் நகைச்சுவைத் தொடரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகள் எழுதப்பட்டன. கேட்கக் கிடைப்பவை சில நூறுதான். மாறாக, 'சஸ்பென்ஸ்', 'கன்ஸ்மோக்' இரண்டும் பெரும்பாலும் முழுமையாக இருக்கின்றன.

எப்போது முடிந்தது?

1948க்குப் பிறகு தொலைக்காட்சி வளர வளர, விளம்பரப் பணம் அங்கே போனது. நடிகர்களும் பின்தொடர்ந்தார்கள். லூசில் பால் வானொலியில் நடித்த 'மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்' தொடரின் எழுத்தாளர்களே 1951இல் தொலைக்காட்சியின் 'ஐ லவ் லூசி'யை எழுதினார்கள். 'கன்ஸ்மோக்' 1952இல் வானொலிக்கு வந்தபோது பெரியவர்களுக்கான கௌபாய் கதை என்ற புதுமையோடு வந்தது. மார்ஷல் மேட் டில்லனாக வானொலியில் வாழ்ந்தவர் வில்லியம் கான்ராட். 1955இல் தொலைக்காட்சிக்குப் போனபோது பருமனான அவரை விட்டு, உயரமான ஜேம்ஸ் ஆர்னஸைத் தேர்ந்தார்கள். வானொலிப் பதிவுகளைக் கேட்டவர்களுக்கு இன்றும் டில்லன் என்றால் கான்ராட்தான்.

1962 செப்டம்பர் 30 அன்று சிபிஎஸ்ஸில் காப்பீட்டுத் துப்பறிவாளன் கதையான 'யுவர்ஸ் ட்ரூலி, ஜானி டாலர்' தொடரும், 'சஸ்பென்ஸ்' தொடரும் கடைசியாக ஒலித்தன. அந்த நாளோடு அந்தக் காலம் முடிந்தது என்பது ரசிகர்களின் கணக்கு. 1974இல் ஹைமன் பிரவுன் 'சிபிஎஸ் ரேடியோ மிஸ்டரி தியேட்டர்' மூலம் வானொலி நாடகத்தை மீட்டார். ஒன்பது ஆண்டுகளில் 1,399 நாடகங்கள் வந்தன. அது பழைய காலத்தின் தொடர்ச்சியாக இல்லாமல், அதற்குச் செய்த மரியாதையாகவே இருந்தது.

ரசிகர்கள் செய்த வேலை

நிலையங்கள் குப்பையில் போட்ட தட்டுகளைத் தேடி எடுத்தவர்கள் ரசிகர்கள். 1960களிலும் 70களிலும் பெரிய டேப் சுருள்களில் பிரதி எடுத்துத் தபாலில் பரிமாறிக்கொண்டார்கள். பிறகு கேசட், பிறகு குறுந்தட்டு, இப்போது இணைய ஆவணக் காப்பகம். 1974இல் கலிஃபோர்னியாவில் ஸ்பெர்ட்வாக் என்ற சங்கம் தொடங்கி, பழைய நடிகர்களையும் எழுத்தாளர்களையும் அழைத்துப் பேசவைத்துப் பதிவுசெய்தார்கள். ஜான் டன்னிங் எழுதிய கலைக்களஞ்சியம் 1976இல் முதல் வடிவிலும், 1998இல் விரிவாக 'ஆன் தி ஏர்' என்ற பெயரிலும் வந்தது. சந்தேகம் வந்தால் ரசிகர்கள் முதலில் புரட்டும் நூல் இதுவே.

பிரதி மேல் பிரதி எடுத்ததில் தேதிகள் தவறின, தலைப்புகள் மாறின, ஒத்திகைப் பதிவும் ஒலிபரப்பும் கலந்தன. இவற்றைத் திருத்துவது பொறுமையான வேலை. பதிவில் வரும் விளம்பரம் எந்தப் பருவத்தது, எந்தப் போட்டியைப் பற்றிப் பேசுகிறார்கள், அன்றைய செய்தி எதுவும் வசனத்தில் நுழைந்திருக்கிறதா என்று பார்த்து, பழைய செய்தித்தாள்களின் வானொலி அட்டவணையோடு ஒப்பிடுகிறார்கள். யாரோ ஒருவர் கேட்ட சின்னக் கேள்வி, பலமுறை அச்சான ஒரு தவறைத் திருத்தியிருக்கிறது. பென்னியின் சிரிப்பு எத்தனை நொடி என்று கடிகாரம் வைத்துப் பார்த்ததும், செவ்வாய்க் கிரகப் பீதியைக் கணக்கெடுப்போடு வைத்துப் பார்த்ததும் அப்படித்தான்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் எங்கே தொடங்கலாம்? திகிலுக்கு 'சாரி, ராங் நம்பர்'. சிரிப்பதற்கு ஜாக் பென்னியின் 1948 மார்ச் 28 நிகழ்ச்சி. கதைக்கு 'கன்ஸ்மோக்'கின் எந்தப் பகுதியும். வரலாற்றுக்கு 'உலகங்களின் போர்'. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நான்கையும் கேட்டுவிட்டு, அவற்றைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படியுங்கள். படித்ததும் கேட்டதும் ஒத்துப்போகாத இடத்தில் கேள்வி கேளுங்கள். இந்தத் துறையில் தெரிந்திருப்பவற்றில் பெரும்பகுதி அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளால் கிடைத்ததுதான்.